மைல் காலாவதியாகுமுன்: வளைகுடா போய்வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

பதினாறு வருடம் ஷார்ஜாவில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு ஊரோடு வந்தவன் நான். வீடு கேரள எல்லையோரம் படந்தாலுமூட்டில். இங்கிருந்து நாகர்கோவில் போக ஆகும் நேரம்தான் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் ஆகும். பஸ்ஸில் ஏறும்போது தமிழ், இறங்கும்போது மலையாளம், அவ்வளவுதான் வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆனால் யாராவது ஒருவர் போனை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். “அண்ணா, இதுல எனக்க மைல் எவ்வளவு கெடக்குன்னு ஒண்ணு பாத்துச் சொல்லுங்க.” மைல் என்பது பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் கணக்கில் போடும் புள்ளி, சேர்ந்தால் அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். பார்த்தால் பாதிப் பேருக்கு மைல் போயே போயிருக்கும். அப்படி வந்தவர்கள் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

மைல் என்றால் பறந்த தூரமா?

பெயர்தான் அப்படி. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியபோது, பறந்த தூரத்தை வைத்தே மைல் கொடுத்தார்கள். இன்று பெரும்பாலான நிறுவனங்களில் டிக்கெட்டின் விலையும் வகையும்தான் கணக்கு. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர். ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போகும் இரண்டு பேரில், எமிரேட்ஸின் ‘ஸ்பெஷல்’ என்ற மலிவு டிக்கெட் எடுத்தவருக்குக் கொஞ்சம் மைல், ‘ஃப்ளெக்ஸ் ப்ளஸ்’ எடுத்தவருக்கு நிறைய.

இன்னொன்று. கணக்கைத் திறந்தால் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று செலவு செய்யக்கூடிய மைல். மற்றது ‘டியர்’ மைல். சில்வர், கோல்டு என்று தகுதி கொடுப்பதற்கான கணக்கு அது, அதை வைத்து டிக்கெட் வாங்க முடியாது. இரண்டையும் கூட்டி வைத்துக்கொண்டு “முப்பதாயிரம் கெடக்கு” என்று சந்தோஷப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எப்போது காலாவதியாகும்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்களே.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு விதி என்பதால்தான். ஆனால் அடிப்படையில் இரண்டே வகைதான். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகையில், மைல் கணக்கில் ஏறிய நாளிலிருந்தே நாள் எண்ணத் தொடங்குகிறது. நீங்கள் அதற்குப் பிறகு பத்துத் தடவை பறந்தாலும் பழைய மைலுக்கு ஆயுள் கூடாது. புதிய மைலுக்குத் தனித் தேதி, பழையதற்குத் தனித் தேதி. எமிரேட்ஸின் மைல் திட்டமான ஸ்கைவார்ட்ஸ் இந்த வகை: மூன்று வருடக் கணக்கு, முடிவது உங்கள் பிறந்த மாதத்தின் கடைசி நாளில். 2024 பிப்ரவரியில் பறந்தவருக்குப் பிறந்த மாதம் மே என்றால், அந்த மைல் 2027 மே 31 வரை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையரும் மூன்று வருடம்தான், ஆனால் அங்கே பிறந்த மாதம் கிடையாது. பிப்ரவரியில் ஏறியது மூன்றாம் வருடம் பிப்ரவரிக் கடைசியில் போகும்.

இரண்டாம் வகையில், கணக்கில் கடைசியாக ஏதாவது நடந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். கத்தார் ஏர்வேஸ் 2022-இல் தன் பழைய கியூமைல்ஸை விட்டுவிட்டு, பிரிட்டிஷ் ஏர்வேஸில் உள்ள ஏவியோஸ் என்ற புள்ளிக்கு மாறியது. 36 மாதத்துக்குள் ஒரு தடவையாவது ஏவியோஸ் சேர்த்தாலோ செலவழித்தாலோ போதும், மொத்த இருப்பும் மறுபடியும் 36 மாதம் உயிரோடிருக்கும். அதற்காகப் பறக்கக்கூட வேண்டாம். தோகாவில் விமானம் மாறும்போது டியூட்டி ஃப்ரீ கடையில் கொஞ்சம் ஏவியோஸ் கொடுத்து சாக்லேட் வாங்கினாலும் அது செலவுதான்.

முதல் வகைக்காரர் இரண்டாம் வகை என்று நம்பிக்கொண்டிருப்பதால்தான் நிறைய மைல் வீணாகிறது. “நான்தான் வருஷா வருஷம் போய்வருகிறேனே, எப்படிப் போகும்?” என்று கேட்பார்கள். போகும்.

2020-இல் விமானங்கள் நின்றபோது பல நிறுவனங்கள் தாங்களாகவே தேதியை நீட்டித்துக் கொடுத்தன. அந்தப் பழக்கத்தில் இப்போதும் காத்திருக்காதீர்கள்.

நான் பிறந்தது ஆவணி மாதம். ஆனால் ஸ்கைவார்ட்ஸில் மே 31-இல் காலாவதி என்று காட்டுகிறது. தவறா?

தவறு நம் பள்ளிக்கூடத்துடையது! ஜூன் முதல் தேதி பள்ளி திறப்பார்கள். அதற்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்று வாத்தியார் ஒரு மே மாதத் தேதியை எழுதிவிடுவார். அதுவே எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் ஏறி, அதிலிருந்து பாஸ்போர்ட்டில் ஏறி, அதிலிருந்து மைல் கணக்கிலும் ஏறிவிட்டது. எனக்கும் அப்படித்தான். வீட்டில் ஐப்பசியில் பாயசம் வைப்பார்கள், பாஸ்போர்ட்டில் மே 20. விமான நிறுவனத்துக்கு ஐப்பசியும் துலாமும் தெரியாது.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மே மாதக் கடைசி என்பது பள்ளி விடுமுறை முடியும் நேரம். பிள்ளைகளின் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர்கள் திரும்பும் கூட்டம். மைலுக்கென்று ஒதுக்கும் இருக்கைகள் அந்த நாட்களில் கண்ணிலேயே படாது. ஆகவே மே மாதப் பிறந்தநாள்காரர்கள் மே வரை காத்திருக்காமல் ஜனவரியிலேயே கணக்கைத் திறந்து பாருங்கள். அப்போது பதிவு செய்தால் ஆகஸ்டுக்கோ செப்டம்பருக்கோ இருக்கை கிடைக்கும்.

அப்படியானால் காலாவதித் தேதிக்குள் பறக்க வேண்டியதில்லையா?

வேண்டியதில்லை. அந்தத் தேதிக்குள் மைலைக் கொடுத்து டிக்கெட் பதிவாகியிருந்தால் பொதுவாகப் போதும். பயணம் பிறகு இருக்கலாம். ஆனால் அந்த டிக்கெட்டைப் பின்னால் ரத்து செய்தால் கவனம். திரும்பி வரும் மைல் தன் பழைய தேதியோடுதான் வரும். தேதி தாண்டியிருந்தால் வந்தும் பயனில்லை. லீவு உறுதியாகாமல் கடைசி நேரத்தில் அவசரமாகப் பதிவு செய்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கணக்கை ஏஜென்சியில் இருந்த ஒரு பையன் திறந்து கொடுத்தான். இப்போது உள்ளே போக முடியவில்லை.

என்னிடம் வருபவர்களின் பெரிய பிரச்சினை இதுதான். காலாவதித் தேதி தெரியாமல் இழந்தவர்களைவிட, கணக்குக்குள் நுழைய முடியாமல் இழந்தவர்கள் அதிகம் என்பது என் அனுபவம். நானும் அதில் ஒருவன். முதல் கணக்கை எனக்கு எங்கள் கம்பெனி அலுவலகத்தில் இருந்தவர் திறந்து கொடுத்தார், கம்பெனி மின்னஞ்சலை வைத்து. வேலை மாறினேன். மின்னஞ்சல் மூடப்பட்டது. “உங்கள் மைல் மூன்று மாதத்தில் காலாவதியாகிறது” என்று வந்த எச்சரிக்கை எல்லாம் யாரும் திறக்காத பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. விமான நிறுவனத்துக்குப் போன் செய்தால், பதிவு செய்த மின்னஞ்சலுக்குக் குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்று மறுபடியும் மறுபடியும் அதையே சொன்னார்கள். கடைசியில் நுழைந்தபோது 31,000 மைல் இருந்த இடத்தில் பூஜ்யம்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. உறுப்பினர் எண் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் பழைய போர்டிங் பாஸிலோ டிக்கெட்டிலோ பெயருக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும், தேடுங்கள். பாஸ்போர்ட் நகலோடு வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் மாற்றித் தரக் கேளுங்கள். கொஞ்சம் இழுத்தடிப்பார்கள், விடாதீர்கள். அவசரத்தில் புதிதாக இன்னொரு கணக்கு மட்டும் திறக்க வேண்டாம். ஒருவருக்கு ஒரு கணக்குதான் அனுமதி. இரண்டு இருந்தால் பின்னால் அதையே காரணமாகச் சொல்லி நிறுத்திவைப்பார்கள்.

புதிய மின்னஞ்சல் உங்கள் சொந்தமாக இருக்கட்டும். மகனுடையது, மச்சானுடையது, கம்ப்யூட்டர் சென்டர்காரருடையது எதுவும் வேண்டாம்.

பாஸ்போர்ட் புதுப்பித்தபோது பெயர் மாறியது. அதற்குப் பிறகு மைல் ஏறவே இல்லை.

2022 நவம்பரில் அமீரகம் ஓர் அறிவிப்பு செய்தது, நினைவிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவிலும் வருகை விசாவிலும் அனுமதிப்பதில்லை என்று. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? பெயருக்கு முன்னால் அப்பாவின் முதல் எழுத்து, அவ்வளவுதான். அதனால் நிறையப் பேர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டார்கள். டிக்கெட் புதிய பெயரில் வந்தது. மைல் கணக்கோ பழைய ஒற்றைப் பெயரில் கிடந்தது. இரண்டும் பொருந்தாவிட்டால் கணினி மைலை ஏற்றாது. அது ஒரு செய்தியும் சொல்லாது, சும்மா விட்டுவிடும்.

சில கணக்குகளில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக விட முடியாததால் ஒரே பெயரை இரண்டு தடவை எழுதியிருப்பார்கள். ‘ராஜன் ராஜன்’ என்று. இன்னும் சிலதில் ஒற்றை எழுத்து. பழைய பாஸ்போர்ட், புதிய பாஸ்போர்ட் இரண்டின் நகலையும் அனுப்பி, கணக்குப் பெயரைப் புதிய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மாற்றச் சொல்லுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். அதன் பிறகு, விட்டுப்போன பயணங்களுக்கு மைல் கேளுங்கள்.

விட்டுப்போன பயணத்துக்கு இப்போது மைல் கேட்க முடியுமா?

எமிரேட்ஸ், சிங்கப்பூர் போன்றவற்றில் பயணம் முடிந்த ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும். மற்றவற்றில் உள்ள வரம்பை அவர்களின் விதிப் பக்கத்தில் பாருங்கள். கேட்பதற்கு டிக்கெட் எண் தேவை. பலர் ஆறு எழுத்துள்ள பிஎன்ஆரைக் கொடுத்துவிட்டு ஏன் வரவில்லை என்கிறார்கள். டிக்கெட் எண் பதின்மூன்று இலக்கம். முதல் மூன்று இலக்கமும் டிக்கெட் கொடுத்த நிறுவனத்தின் எண். எமிரேட்ஸ் என்றால் 176, கத்தார் 157, ஏர் இந்தியா 098. போர்டிங் பாஸை மைல் ஏறும்வரை கிழித்துப்போடாதீர்கள். அட்டைப்பெட்டி கட்டிய கயிற்றைக்கூடப் பத்திரமாக வைக்கிற நாம் இதை மட்டும் விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்குகிறோம்.

டிக்கெட் எடுத்துத் தந்தது கம்பெனி. மைல் யாருக்கு?

பறந்தவருக்கு, அதாவது உங்களுக்கு. எமிரேட்ஸில் கம்பெனிக்கென்று பிசினஸ் ரிவார்ட்ஸ் என்ற தனித் திட்டம் உண்டு. அதில் கம்பெனிக்குக் கிடைப்பது தனி, உங்களுடையது குறையாது. ஆனால் கூட்டமாக எடுக்கும் சில மலிவு டிக்கெட் வகைகளுக்குப் பல நிறுவனங்கள் மைல் தருவதில்லை. செக்-இன் செய்யும்போது உறுப்பினர் எண்ணைச் சொல்லிப் பாருங்கள், நஷ்டமில்லை.

ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் போகிறேன். ஏர் இந்தியாவில் ஏறுமா?

இரண்டும் டாடா குழுமத்தின் கையில் இருந்தாலும் கணக்கு வேறு. ஏர் இந்தியாவின் ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ் 2025-இல் மகாராஜா கிளப் என்று பெயர் மாறியது. ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸைப் போலவே, ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியைச் சேர்ந்தது. அதனால் ஏர் இந்தியாவில் பறந்த மைலை, வேண்டுமானால் கிரிஸ்ஃப்ளையர் கணக்கிலும் ஏற்றலாம். ஒரு பயணத்தை ஒரு கணக்கில்தான் ஏற்ற முடியும். எக்ஸ்பிரஸ் அந்தக் கூட்டணியில் இல்லை.

இதையெல்லாம் எதில் குறித்து வைப்பது? ஆப் இருக்கிறதாமே?

இருக்கிறது. அவார்டுவாலெட் என்பது இதற்கென்றே உள்ளது. உங்கள் எல்லாக் கணக்குகளையும் ஓரிடத்தில் காட்டி, காலாவதி நெருங்கும்போது மின்னஞ்சல் அனுப்பும். ஏழெட்டுத் திட்டங்களில் கணக்கு வைத்திருப்பவருக்கு நல்லதுதான். ஆனால் கடவுச்சொல்லை மூன்றாம் ஆளிடம் கொடுக்க வேண்டியிருக்கும். சில விமான நிறுவனங்கள் அதை அனுமதிப்பதும் இல்லை. இரண்டு மூன்று கணக்குள்ள நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு நோட்டு போதும் என்பேன்.

நான் வைத்திருப்பது நாற்பது பக்க நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம். மேலே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், கணக்கிலுள்ள பிறந்த தேதி, உறுப்பினர் எண், எந்த மின்னஞ்சல், எந்தக் கைபேசி. கீழே நான்கு பத்தி: நிறுவனம், முதல் வகையா இரண்டாம் வகையா, அடுத்துக் காலாவதியாகப் போகும் மைல் எவ்வளவு, என்ன தேதி. கடவுச்சொல்லை மட்டும் எழுதுவதில்லை. மொத்த இருப்பை எழுதுவதைவிட ‘அடுத்துப் போகப்போவது எவ்வளவு’ என்று எழுதுவதுதான் முக்கியம். ஐம்பதாயிரம் இருக்கிறது என்று தெரிந்து என்ன பயன், அதில் பன்னிரண்டாயிரம் அடுத்த மாதம் போகிறது என்று தெரியாவிட்டால்?

அப்புறம், வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் காலாவதித் தேதிக்கு நான்கு மாதம் முந்தைய தாளில் ஒரு வட்டம் போட்டு, பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிடுவேன். அந்தத் தாளைக் கிழிக்கும்போது என் மனைவி, “சேகருக்கு மைல் பாக்கணுமாம்” என்று நினைவுபடுத்துவாள். போனிலும் நினைவூட்டல் வைக்கலாம், வைத்தும் இருக்கிறேன். ஆனால் போன் மாறுகிறது, தொலைகிறது. காலண்டரை யாராவது ஒருவர் தினமும் கிழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இரண்டு மாதத்தில் போகப்போகிறது. டிக்கெட்டுக்கு ஆகிற அளவு இல்லை. என்ன செய்யலாம்?

டிக்கெட்டின் ஒரு பகுதிக்கு மட்டும் மைலைக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். எமிரேட்ஸில் பணமும் மைலும் சேர்த்துக் கட்டும் வசதி 2,000 மைலிலிருந்தே உண்டு. குடும்பத்தில் நான்கைந்து பேர் பறப்பவர்கள் என்றால், ‘மை ஃபேமிலி’ என்ற பொதுக் கணக்கில் எட்டுப் பேர் வரை சேர்த்து இனி வரும் மைலை ஒன்றாகத் திரட்டலாம். மடியில் உட்காரும் கைக்குழந்தைக்கு மட்டும் மைல் கிடையாது. தானம் செய்யவும் வழி உண்டு, எமிரேட்ஸ் ஏர்லைன் ஃபவுண்டேஷன் குழந்தைகளுக்கான உதவிக்கு மைலை வாங்கிக்கொள்கிறது. கடைக் கூப்பன், பொம்மை விமானம் இவற்றில் மைலைப் போடுவதை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். மதிப்பு மிகவும் குறைவு.

மதிப்பைக் கணக்கிடுவது எளிது. ஒரு டிக்கெட் காசுக்கு ரூ.18,000 என்று வையுங்கள். அதையே 20,000 மைல் கொடுத்து எடுத்தால், வரி, கட்டணம் என்று ரூ.7,000 கட்டச் சொல்கிறார்கள். இலவச டிக்கெட் என்றாலும் இது உண்டு, பலர் இங்கேதான் ஏமாந்ததாக நினைக்கிறார்கள். மிச்சமானது 11,000 ரூபாய். அதை இருபதாயிரத்தால் வகுத்தால் ஒரு மைலுக்கு 55 பைசா. வேறு எதற்காவது மைலைக் கேட்டால் இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காசு கட்டி நீட்டிக்கலாமா?

சில இடங்களில் முடியும். கிரிஸ்ஃப்ளையரில் ஒவ்வொரு 10,000 மைலுக்கும் 12 அமெரிக்க டாலர் அல்லது 1,200 மைல் கொடுத்தால் ஆறு மாதம் நீட்டிப்பார்கள். 12 டாலர் என்றால் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய், மைலுக்குப் பத்துப் பைசா. 55 பைசா மதிப்புள்ளதற்குப் பத்துப் பைசா செலவு பரவாயில்லை, அந்த ஆறு மாதத்துக்குள் நிச்சயமாகப் பயணம் இருந்தால். “எப்பவாவது போவோம்” என்பதற்காகக் கட்டாதீர்கள். நீட்டிக்கும் வேலையைக் காலாவதியாகுமுன் செய்ய வேண்டும்.

கிரெடிட் கார்டு புள்ளிகளை உடனே மைலாக மாற்றிவிடலாமா?

டிக்கெட் கண்ணுக்குத் தெரியும்வரை மாற்ற வேண்டாம். மாற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. மாறிய நாளிலிருந்து விமான நிறுவனத்தின் காலாவதிக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். ஆனால் மாறி வருவதற்குச் சில நாட்கள் ஆகலாம், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஜெட் ஏர்வேஸ், விஸ்தாரா மைல் வைத்திருந்தேன். அவை?

ஜெட் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதியோடு பறப்பதை நிறுத்தியது. அதன் மைல் திட்டமான ஜெட்பிரிவிலேஜ் தனி நிறுவனமாக இருந்ததால், அந்த ஆண்டே இன்டர்மைல்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தது. விமானம் போனது, மைல் மிஞ்சியது. விஸ்தாரா 2024 நவம்பர் 12-இல் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது அதன் புள்ளிகள் ஏர் இந்தியா கணக்குக்கு வந்தன. பழைய கணக்கு இருந்தவர்கள் அங்கே தேடுங்கள்.

ஒருவர் மைலை விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்கிறார்.

விற்காதீர்கள். விதிப்படி தடை. பிடித்தால் கணக்கையே மூடி மிச்சத்தையும் எடுத்துக்கொள்வார்கள். அதே மாதிரி “இன்று நள்ளிரவு உங்கள் மைல் போகிறது, இங்கே தொடுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பையும் தொடாதீர்கள். நிறுவனத்தின் ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள். ஓடிபி சொல்லிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

அப்பா இறந்துவிட்டார். அவர் கணக்கில் நாற்பதாயிரம் மைல் இருக்கிறது.

மைல் உறுப்பினரின் சொத்து ஆகாது என்றுதான் பெரும்பாலான விதிகளில் எழுதியிருக்கிறார்கள். அந்த விதிப்படி வாரிசுரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் இறப்புச் சான்றிதழும் உறவுச் சான்றும் அனுப்பிக் கேட்டால் மாற்றிக் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. எழுதிக் கேளுங்கள்.

விசா கேன்சல் செய்து ஊரோடு வருகிறேன். இனி பறக்க மாட்டேன். மைலை என்ன செய்ய?

வருவதற்கு முந்தைய மாதம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அங்கத்து சிம் உயிரோடு இருக்கும்போதே கணக்கில் கைபேசி எண்ணை இந்திய எண்ணாக மாற்றிவிடுங்கள். மாற்றுவதற்கான குறியீடு பழைய எண்ணுக்கே வரலாம். சிம் போன பிறகு மாற்ற முயன்றால் மேலே சொன்ன பாஸ்போர்ட் நகல், மின்னஞ்சல், காத்திருப்பு எல்லாம் முதலிலிருந்து.

அப்புறம், மைலை நீங்கள்தான் பறந்து தீர்க்க வேண்டும் என்றில்லை. ஸ்கைவார்ட்ஸ் மைலில் மற்றவருக்கு டிக்கெட் எடுக்கலாம். கிரிஸ்ஃப்ளையரில் முதலிலேயே ஐந்து பேர் வரை பெயர் கொடுத்து வைத்தால் அவர்களுக்கு எடுக்கலாம். எங்கள் தெருவில் ஒருவர் இருபத்திரண்டு வருடம் அஜ்மானில் இருந்தார். அவர் மனைவி ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. ஊரோடு வந்த பிறகு கணக்கைத் திறந்து பார்த்தோம். மே 31-க்கு மூன்று மாதம் இருந்தது. மகன் துபாயில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அம்மாவுக்குப் போகவர டிக்கெட் எடுத்து, வரியை மகன் கட்டினான். பாக்கி 1,300 மைல் காலாவதியாகிப் போனது, அதை விட்டுவிட்டோம்.